சாந்தாமணி தேய்த்த காசு

எதிர்வீட்டுச் சாந்தாமணி ஒரு வியாழக்கிழமை மத்தியானம் குத்துவிளக்கோடு சேர்த்து இரண்டாயிரம் வருஷத்தையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும், நேற்று மழை பெய்தது என்று சொல்கிற மாதிரிதான் இதைச் சொல்வார்கள், ஆனால் ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் சொல்வார்கள், அதனால் நான் சொல்வதைக் கேட்பதே உங்களுக்கு நல்லது, ஏனென்றால் அந்த மணல் என்னுடையது, அது இன்றைக்கும் என் வீட்டு மாடிச் சுவரில்தான் இருக்கிறது.

மணலிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கரூரில் அமராவதி ஆற்றை நாலு தெரு தள்ளி வைத்துக்கொண்டு ஒரு லோடு ஆற்று மணலுக்காக எட்டு மாதம் அலைந்தவன் நான். சுவர் கட்ட எம்-சாண்ட் போதும், பூச்சுக்கு ஆற்று மணல் வராமல் கரண்டியைத் தொட மாட்டேன் என்று கொத்தனார் பெரியண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான். யாரைப் பிடித்தேன், என்ன சொன்னேன் என்பதை மட்டும் கேட்காதீர்கள், மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் என் வாசலுக்கும் சாந்தாமணி வாசலுக்கும் நடுவே அது குவிந்து கிடந்தது, ஈரம் காயாமல், நத்தை ஓடும் நாணல் வேருமாக.

சாந்தாமணியின் மகள் கோகிலவாணிக்கு அப்போது இருபது வயது. பெட்ஷீட் ஏற்றுமதி செய்கிற கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை. நாளெல்லாம் துணியை விரித்து, நூல் அறுந்த இடத்தையும் கறை பட்ட இடத்தையும் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டுவாள். இப்படிக் கூர்ந்து பார்த்தே பழகிய கண்ணில், வீட்டுத் தகரப்பெட்டிக்கு அடியில் கிடந்த தாமரைப்பூ போட்ட இருபது பைசா ஒன்று பட்டுவிட, அன்றைக்குப் பிடித்தது அவளுக்குக் காசுப் பைத்தியம். ஓட்டைக் காலணா, விளிம்பு நெளிந்த பத்துப் பைசா, துபாய் போய்வந்த சித்தப்பா பாக்கெட்டில் மறந்து கொண்டுவந்தது என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஆல்பம் வாங்கி, பக்கம் பக்கமாகச் சொருகி வைத்தாள். முதல் பக்கத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள்.

"இது எதுக்கு அம்மிணி சும்மா கெடக்குது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ராசா காசு கெடச்சா வெக்கறதுக்குங்க மாமா," என்றாள்.

அமராவதியில் ராசா காசு கிடைப்பது உண்டு, வெள்ளம் வடிந்த பிறகு சல்லடையோடு இறங்கித் தேடுகிற ஆட்களை நான் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் ஆறே லாரியில் ஏறி வாசலுக்கு வரும் என்று யார் கண்டது? மணல் இறங்கிய அன்றைக்குச் சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் பெரியண்ணனின் சல்லடையை வாங்கிக்கொண்டு குவியலில் உட்கார்ந்தவள், பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட்டாள். சதுரமாக, கடலை மிட்டாய்த் துண்டு அளவில், முழுக்கப் பச்சைக் களிம்பு ஏறி, ஒரு பக்கம் யானை மாதிரி ஒன்றும் மறுபக்கம் வில் மாதிரி ஒன்றும் தடவினால் மட்டும் தெரிகிற ஒரு செப்புக் காசு. அதை உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டியபோது எனக்குக்கூடச் சந்தோஷமாக இருந்தது, என் மணலாயிற்றே.

பஸ் ஸ்டாண்டு பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிற இலியாஸ் என்கிற முப்பது வயசுப் பையன்தான் எங்கள் ஊர்க் காசுக்காரர்களின் வாட்ஸாப் குழுவை நடத்துகிறவன். அவனுக்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, காசு தொலையாமல் இருக்க வேண்டும், எலி இழுக்காமல் இருக்க வேண்டும், அப்பா பீடி தேடும்போது கை படாமல் இருக்க வேண்டும் என்று மூன்றையும் யோசித்து, வீட்டிலேயே பத்திரமான இடம் என்று சாமி ஷெல்பில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். அங்கேதான் தப்பு நடந்தது. எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றுவதற்கு வியாழக்கிழமையே தேய்த்து வைத்துவிடுவார்கள், சாமி ஷெல்பில் இருக்கிற எதுவும், மணி, சூடத்தட்டு, சந்தனக் கிண்ணம், எதுவும் அந்தப் புளிக்குத் தப்பாது.

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு இலியாஸ் பதில் போட்டான்: சேரர் காசாக இருக்கலாம், தயவுசெய்து கழுவ வேண்டாம், துடைக்கக்கூட வேண்டாம். கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். அவள் போன் லாக்கரில் கிடந்து ஒளிர்ந்துகொண்டிருந்த அதே நேரம், சாந்தாமணி புறக்கடைக் கல்லில் குந்தி, ஏதோ கோயில் காசை மகள் வேண்டிக்கொண்டு வைத்திருக்கிறாள் போலிருக்கிறது, இப்படியா அழுக்கேறிக் கிடப்பது என்று நினைத்து, புளியும் சாம்பலும் தேங்காய் நாருமாகப் போட்டு, அந்தப் பச்சை சொட்டுச் சொட்டாகக் கரைந்து விரலிடுக்கில் இறங்கும்வரை பாசத்தோடு தேய்த்தாள்.

தேய்த்து முடித்து, காசைத் தண்ணீரில் அலசி, விளக்குக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். அப்புறம் சாந்தாமணி உட்கார்ந்தாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது ஒரு சங்கதியாகவே தோன்றாது. அவள் உட்கார்ந்து எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை, அதைச் சொல்ல வேண்டும். நாலரைக்கு எழுந்து, கொசுவலைத் தறியில் முதல் ஷிப்ட் போகிற புருஷன் நாச்சிமுத்துவுக்குச் சோறு கட்டி, மகளுக்குக் கட்டி, தண்ணீர் பிடித்து, துவைத்து, கூலிக்கு வருகிற வலைக்கு ஓரம் தைத்து, கடைக்கு ஓடி, சாயங்காலம் மறுபடி அடுப்பு என்று சுற்றுகிறவள். தையல் மிஷினில் இருக்கும்போதுகூட முக்காலி நுனியில்தான் இருப்பாள், சாப்பிடுவது அடுப்படியில் நின்றுகொண்டே, கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிட்டால் கடைசிப் பந்தி ஆகட்டும் என்று இலை எடுக்கப் போய்விடுவாள். அப்பேர்ப்பட்டவள் மத்தியானம் மூன்று மணிக்கு வாசல் நடைக்கல்லில் முதுகைச் சுவரில் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். என் மனைவி வளர்மதிதான் முதலில் பார்த்தது, பார்த்ததும் இடுப்புக் குடத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏனக்கா, மேலுக்கு முடியலயா?"

சாந்தாமணி நிதானமாக அவளைப் பார்த்தாள். பதில் வர இரண்டு நிமிஷம் ஆயிற்று. "தண்ணி போவுது, வளரு," என்றாள். "மேல போவுது. கேக்குதா?"

சாயங்காலம் கோகிலவாணி வந்து, ஷெல்பில் நேற்று அடித்த காசு மாதிரி மினுமினுவென்று கிடந்ததைப் பார்த்தாள். வில்லின் நாண்கூடத் தெரிந்தது, யானையின் தந்தம் தெரிந்தது, இரண்டாயிரம் வருஷத்தில் ஒரு நாள்கூட அதில் மிச்சமில்லை. அழுதபடி வாசலுக்கு வந்தவள் அம்மாவின் உள்ளங்கையைப் பார்த்தாள். பித்தளைப் பாத்திரத்தில் மோரை ஊற்றி மறந்துவிட்டால் ஒரு பச்சை பூக்குமே, அந்தப் பச்சை ரேகை ரேகையாக ஓடியிருந்தது. சோப்புப் போட்டும் போகவில்லை, மண்ணெண்ணெய் போட்டும் போகவில்லை. தேய்த்த வருஷம் சாக்கடைக்குப் போகவில்லை, அம்மாவுக்குள் போயிருக்கிறது என்பது அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது, எங்களுக்கு மறுநாள் காலைக்குள் புரிந்தது, டீக்கடைக்கு ஒன்பது மணிக்குள் புரிந்துவிட்டது.

இரண்டாயிரம் வருஷம் என்றதும் கிழவியாகிவிட்டாளாக்கும் என்று நினைக்காதீர்கள். ஒரு நரை கூடவில்லை. அந்தக் காசு ஆட்களின் கையில் புழங்கியது பத்துப் பதினைந்து வருஷம் இருந்தால் அதிகம், மிச்சமெல்லாம் ஆற்றுக்கு அடியில் படுக்கை, மேலே தண்ணீர் போக, மீன் போக, கீழே ஒரு வேலையும் இல்லாமல், ஒருவரும் கூப்பிடாமல், அடுப்பில் எதுவும் தீயாமல் சும்மா கிடந்த வருஷங்கள். அத்தனையும் ஒரே மத்தியானத்தில் சாந்தாமணிக்குள் இறங்கிவிட்டது. நாற்பத்தாறு வருஷம் உட்காராத ஒருத்திக்கு இரண்டாயிரம் வருஷ ஓய்வு கிடைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தாள். அவள் முகத்தைப் பார்த்து, சொன்னால் வெட்கக்கேடு, எனக்குப் பொறாமையாக இருந்தது.

டாக்டர் வந்து பார்த்தார். பிரஷர், சர்க்கரை, நாடி எல்லாம் இருபது வயசுப் பெண்ணுக்குரியது என்று சொல்லிவிட்டு, தானும் கொஞ்ச நேரம் அந்த நடைக்கல்லில் உட்கார்ந்துவிட்டுப் போனார். வார்டு கவுன்சிலர் சால்வையோடு வந்தார், இத்தனை பழைய வாக்காளர் தன் வார்டில் இருப்பது பெருமை என்றார். ஆராய்ச்சி பண்ணுகிறேன் என்று நோட்டும் பேனாவுமாக ஒருத்தர் வந்து, எந்த ராசா ஆண்டான், எந்த ஊரோடு சண்டை, கப்பல் வந்ததா என்று அரைமணி நேரம் கேள்வி கேட்டார். சாந்தாமணி கண்ணை மூடி யோசித்து, அவர் டீ குடித்து, இரண்டாவது டீயும் குடித்த பிறகு சொன்னாள்: "தெரியலீங்க. மேல தண்ணி போச்சு. சில வருசம் போவல." அவர் அதை எழுதிக்கொண்டு போனார்.

பெண்கள் கதையே வேறு. முதல் நாள் வளர்மதி குடத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாளா, அவளுக்கு மூட்டுவலி போய்விட்டது. மறுநாள் நாலு பேர் உட்கார்ந்தார்கள், சனிக்கிழமை பதினோரு பேர், கம்பெனி ஷிப்ட் முடிந்து வருகிற பெண்கள் சாப்பாட்டுப் பையை வீட்டுக்குக்கூடக் கொண்டுபோகாமல் அப்படியே வந்து அவளைச் சுற்றிச் சுவரோரமாகக் காலை நீட்டினார்கள். யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அவள் வாய்விட்டுத் தண்ணி போவுது என்பாள், கொஞ்ச நேரத்தில் அவர்களுக்கும் கேட்கும் போலிருக்கிறது, எல்லார் முகமும் ஒரே மாதிரி ஆகிவிடும். அந்த வாரம் எங்கள் தெருவில் பாத்திரம் தேய்க்கிற சத்தமே இல்லை. ஆம்பளைகள் நாங்கள் டீக்கடையில் பன்னைத் தின்றுகொண்டு, இது எங்கே போய் முடியும் என்று பேசிக்கொண்டோம். நாச்சிமுத்து முதல் முறையாக ரசம் வைத்தான், அதை அவனே ஊற்றிக்கொண்டு, அவனே பாதியில் எழுந்து போனான்.

இப்படியே இருந்திருந்தால் கதையை இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் அவள் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரம் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனது. வியாழக்கிழமை இரண்டு நிமிஷமாக இருந்தது, சனிக்கிழமை அரைமணி நேரம் ஆயிற்று. காலையில் "காப்பி குடிக்கறயாம்மா?" என்று கோகிலவாணி கேட்டுவிட்டுப் போனால், சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போது "குடு கண்ணு" என்று பதில் வரும். திங்கட்கிழமை கேட்டதற்குப் புதன்கிழமை வந்தது. முகத்தில் ஒரு குறையும் இல்லை, சிரித்தபடிதான் இருந்தாள், ஆனால் அந்தச் சிரிப்பு யாருக்காகவும் இல்லை. ஆற்றுக்கு அடியில் கிடக்கிறவளுக்கு மேலே கூப்பிடுகிற குரல் எட்ட நேரம் ஆகத்தானே செய்யும்.

கோகிலவாணி கணக்குப் போட்டுப் பார்த்தாள். இந்த மாதிரியே போனால் பங்குனியில் கேட்ட கேள்விக்கு ஐப்பசியில் பதில் வரும், அதற்கப்புறம் கேட்கிற ஒரு கேள்விக்குப் பதில் வரும்போது கேட்டவள் இருக்கமாட்டாள். அன்றைக்கு அவள் என் வீட்டுக் குவியலில் வந்து உட்கார்ந்து அழுத அழுகையை நான் பார்த்தேன். காசு போனதற்காக ஒரு நாள் அழுதாளே, அது வேறு அழுகை.

ஞாயிற்றுக்கிழமை காசைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லி வர முடியாமல் போன இலியாஸ் இரண்டாவது வியாழக்கிழமை வந்தான். காசைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அந்தப் பச்சைதாங்க இதோட வயசு. அது போச்சுன்னா இது வெறும் செம்பு," என்றான். "கெடந்த மண்ணுலயே ஈரமாப் போட்டு வெச்சா மறுபடி ஏறும். ஆனா அதுக்கு இன்னொரு ரெண்டாயிரம் வருசம் வேணுங்களே."

"வருசம் இருக்குதுங்கண்ணா," என்றாள் கோகிலவாணி, அம்மாவின் கையைப் பார்த்தபடி. "மண்ணுதான் வேணும்."

மண் என்னிடம் இருந்தது, ஆனால் பாதிதான். பத்து நாளாகப் பெரியண்ணன் என் மாடிச் சுவரைப் பூசிக்கொண்டிருந்தான், குவியல் இடுப்பு உயரத்திலிருந்து முழங்காலுக்கு இறங்கியிருந்தது, இன்னும் மூன்று நாளில் சுரண்டி எடுத்துவிடுவான், சித்திரையில் புதுமனை புகுவிழாவுக்குப் பத்திரிகைகூட அடித்தாயிற்று. அவள் நேராகக் குவியலுக்கு முன்னால் போய் நின்றாள்.

"மாமா, பூச்சை நிறுத்துங்க. இந்த மண்ணு எனக்கு வேணும்."

எனக்கு எட்டு மாத அலைச்சல் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. பெரியண்ணன் கரண்டியைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறப்பதற்குள் வளர்மதி நடைக்கல்லிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"குடுக்காதீங்க. மண்ணைக் குடுத்தா அக்கா எந்திரிச்சுருவாங்க. எந்திரிச்சா நேரா அடுப்படிக்குத்தான் போவாங்க. ஒரு பொம்பள உக்காந்திருக்கறது உங்களுக்கெல்லாம் பொறுக்காதா?"

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். டீக்கடைப் பக்கத்திலிருந்து நாச்சிமுத்துவும் மற்ற ஆம்பளைகளும் பார்த்தார்கள், அவர்கள் கண்ணில் சோறு தெரிந்தது. யார் பக்கம் நின்றாலும் எனக்கு வீட்டில் காப்பி கிடைக்காது என்று புரிந்தது.

"அத்தை, எங்கம்மா சமைக்க வேண்டாங்க," என்றாள் கோகிலவாணி. "தேய்க்க வேண்டாம், தைக்க வேண்டாம். நான் கூப்பிட்டா என்னன்னு கேட்டாப் போதும். எனக்கு அம்மா வேணும்."

வளர்மதி நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள். பெரியண்ணனைக் கீழே இறங்கச் சொல்லிவிட்டேன்.

சாந்தாமணியின் கல்யாணச் சீர் பித்தளை அண்டாவை நடைக்கல்லுக்குப் பக்கத்தில் வைத்து, அதில் மணலை நிரப்பி, ஆற்றிலிருந்து நாலு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, நடுவில் காசைப் புதைத்து, அதற்கு மேலே அம்மாவின் பச்சை ஓடிய வலது கையை எடுத்து வைத்தாள் கோகிலவாணி. சாந்தாமணி மறுக்கவில்லை. ஈர மணல் பட்டதும் விரல்கள் தானாக உள்ளே இறங்கின.

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் காசின் விளிம்பில் கொசு உட்கார்ந்த அளவு பச்சை ஏறியிருந்தது, அன்றைக்கு மத்தியானம் செவ்வாய்க்கிழமை கேட்ட கேள்விக்கும் புதன்கிழமை கேட்ட கேள்விக்கும் சேர்த்துப் பதில் வந்துவிட்டது. நாலாம் நாள் யானையின் காலுக்குப் பச்சை வந்தது, காலையில் கேட்டால் மத்தியானம் சொன்னாள். ஆறாம் நாள் யானை முழுக்க மறைந்தது, கேட்ட ஒரு மணி நேரத்தில் திரும்பிப் பார்த்தாள், பார்த்து, "ஏங்கண்ணு எளைச்சுப் போயிட்ட?" என்றாள். கோகிலவாணி அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. நானும் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தேன், சிமெண்ட் தூசி என்று, சாமான் எடுக்க வந்திருந்த பெரியண்ணனிடம் சொன்னேன்.

ஆனால் பச்சை ஏற ஏற இன்னொன்றும் ஏறியது. ஆறாம் நாள் சாயங்காலம் சாந்தாமணி உட்கார்ந்தபடியே இடது கையால் முழங்காலை அமுக்கினாள். ஏழாம் நாள் தெருக்குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டதும் தோள் இரண்டும் தூக்கிக்கொண்டது. எட்டாம் நாள் புருவத்துக்கு நடுவே அந்தக் கோடு வந்துவிட்டது, அடுப்பில் எதுவோ தீய்கிறது என்று எந்நேரமும் நினைக்கிற கோடு, நாங்கள் இருபது வருஷமாகப் பார்த்த சாந்தாமணியின் கோடு. பக்கத்தில் உட்கார்ந்த பெண்களுக்குத் தண்ணீர்ச் சத்தம் குறைந்தது, ஒவ்வொருத்தராக எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டு, அவரவர் வீட்டுக்குப் போனார்கள். பாத்திரச் சத்தம் தெருவுக்குத் திரும்பியது. நாச்சிமுத்து சாம்பார்ப் பருப்பு வாங்கிக்கொண்டு உற்சாகமாக வந்தான்.

இலியாஸும் அன்றைக்கு வந்து பார்த்தான். மண்ணைத் தள்ளி, காசைத் தொடாமலே குனிந்து பார்த்துவிட்டு, "ஒரு பக்கம் ஏறிருச்சு, இன்னும் எட்டு நாள் விட்டா மறுபக்கமும் ஏறிரும்," என்றான். "முழுசா ஏறிட்டா இது மாதிரிக் காசு நம்ம குழுவுல யாருகிட்டயும் இல்லீங்க. பங்குனி கடைசில கண்காட்சி போடறோம், நடு மேஜை உங்களுக்குத்தான்."

நடு மேஜை. ஆல்பம் வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது அவளுக்கு. அவள் முகத்தில் ஆசை வந்ததை நான் பார்த்தேன், வரட்டுமே, ஆசைப்படுகிற வயசுதானே. இலியாஸ் போன பிறகு அவள் வெகுநேரம் அண்டாவின் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள், காசைப் பார்த்தாள், அம்மாவின் புருவத்தைப் பார்த்தாள், முழங்காலை அமுக்குகிற கையைப் பார்த்தாள். அப்புறம் எங்கள் தெருவில் யாரும், நாச்சிமுத்துவோ நானோ சாந்தாமணியைப் பெற்றவர்களோகூட, ஒருநாளும் அவளிடம் கேட்டிராத ஒன்றைக் கேட்டாள்.

"அம்மா, உனக்கு எவ்வளவு வேணும்?"

பதில் வர அரைமணி நேரம் ஆயிற்று. அந்த அரைமணி நேரமும் அவள் அங்கேயே இருந்தாள். நாங்களும் அவரவர் வாசலில் அப்படியே நின்றோம், நாச்சிமுத்து பருப்புப் பொட்டலத்தோடு நின்றான்.

சாந்தாமணி மகளைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், கடையில் கடன் சொல்லிப் பொருள் கேட்கிறவள் மாதிரிக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மத்தியானத்துல ஒரு மணி நேரம்," என்றாள். கொஞ்சம் யோசித்து, "ரெண்டு மணி நேரம் வெச்சுக்கட்டுமா கண்ணு? அதிகமா இருந்தா வேண்டாம்."

இரண்டாயிரம் வருஷத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இரண்டு மணி நேரத்துக்கு அனுமதி கேட்கிறாள். வளர்மதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், நாச்சிமுத்து பொட்டலத்தைப் பார்த்தபடி தலையைக் குனிந்துகொண்டான். கோகிலவாணி அண்டாவுக்குள் கையை விட்டு, அம்மாவின் விரல்களுக்கு அடியிலிருந்து காசை எடுத்து, தாவணியில் துடைக்காமல், ஈரத்தோடு அப்படியே ஆல்பத்தின் முதல் பக்கத்தில் சொருகிவிட்டாள்.

மிச்ச மணலை எனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பெரியண்ணன் பூசி முடித்தான், புதுமனை புகுவிழா நடந்தது, மாடியறையின் மேற்குச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் லேசாகத் தண்ணீர் போகிற சத்தம் கேட்கிறது. வளர்மதி தினமும் மத்தியானம் அங்கே போய்விடுகிறாள். கீழிருந்து கூப்பிட்டால் காதில் விழாது, நானும் கூப்பிடுவதில்லை, ரசம் வைக்கக் கற்றுக்கொண்டேன்.

சாந்தாமணிக்குள் மீந்த வருஷங்கள் ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டன. காலையில் ஓடுவாள், சாயங்காலம் ஓடுவாள், கூப்பிட்டால் உடனே என்னவென்பாள், நாச்சிமுத்துவை நாலு பேச்சுப் பேசுவாள். இரண்டு மணி அடித்தால் நடைக்கல்லில் சாய்ந்துவிடுவாள். இரண்டிலிருந்து நாலு வரை யார் என்ன கேட்டாலும், கவுன்சிலரே வந்து கேட்டாலும், நாலு மணிக்குப் பிறகுதான் பதில். அது இப்போது தெருவுக்கே பழகிவிட்டது, தபால்காரர்கூட அந்த நேரத்தில் கடிதத்தைச் சத்தம் போடாமல் ஜன்னலில் செருகிவிட்டுப் போகிறார்.

புகுவிழாவுக்கு முன்பே, பங்குனிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கோவை ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி நடந்தது. கோகிலவாணிக்கு நடு மேஜை கிடைக்கவில்லை, கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மூலை மேஜை கொடுத்தார்கள். துணைக்கு நான்தான் போயிருந்தேன். ஒரு பக்கம் பச்சையும் மறுபக்கம் பளபளப்புமாக இருந்த அந்தக் காசுக்கு முன்னால், சேலத்திலிருந்து வந்த ஒரு பெரிய சேகரிப்பாளர் வந்து நின்று, பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"யாரும்மா இந்தக் காசைக் கெடுத்தது?"

"எங்கம்மாங்க. வெளக்குத் தேய்க்கறப்ப சேத்துத் தேய்ச்சுட்டாங்க."

"திரும்ப ஏத்தியிருக்கீங்க போல. நல்லாத்தான் ஏறியிருக்கு. பாதியில ஏன் எடுத்தீங்க? மீதியும் ஏறியிருந்தா எவ்வளவு அருமையான காசு இது. மீதியை இப்படி விட்டுட்டீங்களே."

"விடலீங்க," என்றாள் கோகிலவாணி. "மீதி எங்கம்மாகிட்ட இருக்குது."

அவர் அவளை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். அவள் காசைச் சரியாகத் திருப்பி வைத்தாள், யானைப் பக்கம் ஒரு மணி நேரம், வில் பக்கம் ஒரு மணி நேரம் என்று மாற்றி மாற்றி.

நாங்கள் வீடு திரும்பியபோது மூன்று மணி. சாந்தாமணி நடைக்கல்லில் காலை நீட்டிச் சாய்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்புச் சட்டியும் தட்டுகளும் புறக்கடையில் மலையாகக் கிடந்தது என் வாசலிலிருந்தே தெரிந்தது. கோகிலவாணி ஆல்பத்தை உள்ளே வைத்துவிட்டு, புளியுருண்டையும் நாருமாக வெளியே வந்தாள்.

"அம்மா, நான் தேய்ச்சு வெச்சரட்டுமா?"

பதில் இல்லை. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள், அப்புறம் புளியைத் தரையில் வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டாள். அம்மா மாதிரியே அவளும் சும்மா உட்கார்ந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்.

நாலு மணி தாண்டியதும் சாந்தாமணி கண்ணைத் திறந்தாள்.

"விடு கண்ணு," என்றாள். "ஊறட்டும்."